முகத்துவாரம் வெட்டும் நாளும் தரம் 10 புவியியல் வகுப்பும்

எமது பாடசாலைகளில் குழுச் செயற்பாடு என்றவுடன் நினைவுக்கு வருவது டிமைத் தாளும் மாக்கர் பேனையும்தான். ஐந்தாறு பேர் மேசைகளைச் சேர்த்து அமர்வர். கையெழுத்து அழகாயுள்ள ஒருவர் பாடநூலின் பந்தியைப் பெரிய எழுத்தில் பிரதி செய்வார். இன்னொருவர் எழுந்து அதை வாசிப்பார். ஏனையோர் கைதட்டியதும் தாள் சுவருக்குப் போகும். 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தபோது, மாணவர் தாமே தேடியறிவதற்கென ஆசிரியர் வழிகாட்டிகளில் இடம் ஒதுக்கப்பட்டது. அந்த இடத்தை டிமைத் தாள் பிடித்துக்கொண்டது என்பதே என் எண்ணம். விடை பாடநூலில் ஏற்கெனவே கிடக்கும்போது பிள்ளைகள் எதைப் பற்றிக் கலந்துரையாடுவார்கள்?

ஆகவே கலந்துரையாடலுக்கு நான் செய்யும் ஆயத்தத்தில் பெரும்பகுதி ஒரேயொரு வினாவை எழுதுவதிலேயே கழிகிறது. மட்டக்களப்பில் புவியியல் கற்பிப்பவருக்கு அதற்கான பொருள் கண்முன்னே இருக்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான எமது வாவி, பாலமீன்மடுப் பக்கத்திலும் பெரியகல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு சேர்கிறது; அந்த முகத்துவாரங்களில் மணல் திட்டு மூடிக்கொண்டால், மாரி மழையில் வாவி நீர் உயர்ந்து தாழ்வான வட்டைகளுக்குள், அதாவது வயல்வெளிகளுக்குள், ஏறுகிறது; அப்போது முகத்துவாரத்தை வெட்டி நீரைக் கடலுக்கு விடுகிறார்கள். “முகத்துவாரம் ஏன் வெட்டப்படுகிறது?” என்று கேட்டால் ஒரு பிள்ளை ஒரே வரியில் முடித்துவிடும். “வெட்டுவது நல்லதா, கெட்டதா?” என்று கேட்டால் வகுப்பு பட்டிமன்றமாகிவிடும், பட்டிமன்றத்தில் யாரும் தம் அணியை விட்டு நகர்வதில்லை. நான் எழுதிப்போட்ட வினா இது: “வெட்டும் நாளைத் தீர்மானிக்கும்போது யாருடைய இழப்பை முதலில் கணக்கிட வேண்டும்? அந்த இழப்பை எப்படி அளப்பீர்கள்?” இரண்டாவது பகுதியில்தான் பாடம் இருக்கிறது. முதற்பகுதிக்கு எல்லோரிடமும் கருத்து உண்டு. அளவிடப் புகுந்ததும் பயிரின் வயது, நீர் நிற்கும் நாட்கள், உவர்த்தன்மை, மீன்வரத்து என்று ஒவ்வொன்றாகத் தேவைப்படத் தொடங்குகின்றன.

வினாவை எழுதியவுடன் பேச விடுவதில்லை. முதலில் ஒவ்வொருவரும் தனியே இரண்டு நிமிடம் அப்பியாசக் கொப்பியில் எழுத வேண்டும், பிறகு பக்கத்திலிருப்பவரோடு, அதன் பின்னரே நால்வர் குழு. இவ்வொழுங்கு இல்லாவிட்டால் வழக்கமாகப் பேசும் பிள்ளைகளே பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1974இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆசிரியர்கள் வினாவைக் கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டினால் விடைகள் நீள்வதோடு வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேச முன்வருகிறார்கள் என்றும் காட்டியிருந்தார். மூன்று செக்கன் என்பது வாசிக்கச் சிறிதாகத் தெரியும். நாற்பது கண்கள் பார்த்துக்கொண்டிருக்க வாயை மூடிக்கொண்டு நின்று பார்த்தால்தான் அதன் நீளம் விளங்கும்.

நான் எங்கே நிற்கிறேன் என்பதும் முக்கியம். கரும்பலகைக்கு முன்னால் நின்றால் ஒவ்வொரு பிள்ளையும் என்னைப் பார்த்தே பேசும், நான் தலையசைக்கிறேனா என்று முகத்தைத் துழாவும். பின்வரிசையில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்துவிட்டால், வேறு வழியின்றி அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, “வட்டைக்குள்ள தண்ணி நிண்டா பயிர் அழுகிப்போகும், பிறகு வெட்டி என்ன பிரயோசனம்?” என்றாள். வாவியோரத்து மாணவன் ஒருவன், “கெதியா வெட்டினா றால் எல்லாம் கடலுக்குப் போயிரும்” என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “அப்பா சொன்னவர்” என்பது அவன் பதில். நான் குறுக்கிடவில்லை. குழுவிலிருந்த இன்னொருவன் கேட்டான்: “உன்ட அப்பா முகத்துவாரத்துக்குக் கிட்ட வலை போடுறவரா, உள்ளுக்கயா?” அந்த ஒரு கேள்விக்காக ஒரு பாடவேளையைச் செலவிடலாம். அப்பாவின் சொல்லை அவன் தள்ளிவிடவில்லை; அது எந்த இடத்து அனுபவம் என்று விசாரித்தான். றாற்குஞ்சுகள் கடலிலிருந்து இதே வாயினூடாகத்தான் வாவிக்குள் வருகின்றன என்ற தகவலை நான் அதன் பிறகே கொடுத்தேன். முன்கூட்டியே கொடுத்திருந்தால் அது குறிப்பெடுக்க வேண்டிய இன்னொரு வரியாகவே போயிருக்கும்.

ஒரேயொரு விதியை மட்டும் இறுக்கமாகக் கடைப்பிடிக்கிறேன். மறுத்துப் பேச விரும்புபவர், முன்னர் பேசியவரின் கருத்தை அவரே “ஓம், அதைத்தான் சொன்னேன்” என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். இதனால் பேச்சின் வேகம் குறைகிறது, சத்தமும் குறைகிறது; அடுத்த வகுப்பு ஆசிரியருக்கும் நிம்மதி. வீட்டில் பேசும் தமிழிலேயே பேச விடுகிறேன். எழுதும்போது எழுத்துத் தமிழ் வந்தால் போதும். யோசிக்கும்போதே திருத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்தால் அலகுகள் முடியுமா, சாதாரண தரப் பரீட்சை வினாத்தாளுக்குப் புள்ளி வருமா என்று பெற்றோரும் சில ஆசிரியர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எல்லாப் பாடமும் கலந்துரையாடலுக்கு உரியதல்ல. சமவுயரக் கோடுகளை வாசிப்பதையும் அளவுத்திட்டத்தைக் கணிப்பதையும் நேரடியாகக் காட்டிக் கொடுத்துப் பயிற்றுவிப்பதே சிறந்தது. அங்கே குழுக்களாக அமர்த்துவது நேர விரயம். ஓர் அலகுக்கு ஒருமுறை இத்தகைய பாடவேளை வைத்தால் போதுமென்பது என் கணிப்பு. காரணங்காட்டி எழுதும் வினாக்களில் அதன் பயன் தெரிகிறது: “ஏனெனில்” என்று தொடங்கிய பின் பாடநூல் வரியைத் தேடாமல் எழுதுகிறார்கள்.

பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தை நான் தொகுத்துரைக்கப் பயன்படுத்துவதில்லை. தீராமல் மிஞ்சிய வினாவொன்றை ஒவ்வொருவரும் சிறு சீட்டில் எழுதித் தர வேண்டும். இம்முறை வந்த சீட்டுகளில் ஒன்று, பெரியகல்லாற்றுப் பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டினால் எந்த வட்டைகளில் நீர் முதலில் வடியும் என்று கேட்கிறது. அதற்கு உயரங்களைப் பார்க்க வேண்டும், ஆகவே அடுத்த பாடவேளை சமவுயரக் கோடுகள். மாவட்ட வரைபடத்தைக் கொண்டுவரும்படி சொல்லியிருக்கிறேன்.