கோப்பு இருந்தும் இல்லை என்ற பிழை

பதிவுக் கோப்புகளைச் சலித்து, வேண்டிய வரிகளை மட்டும் சர்வருக்கு அனுப்பும் ஒரு சிறிய சி நிரலைக் கணினியில் நெடுநாள் பயன்படுத்தி வந்தேன். அதையே ஆண்ட்ராய்டு கைபேசியின் ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் இடத்தில்) ஓட்ட விரும்பி, லினக்ஸில் கிடைக்கும் 64 பிட் ஏஆர்எம் கிராஸ் கம்பைலரால் (கைபேசிச் செயலிக்கான நிரலைக் கணினியிலேயே உருவாக்கும் கம்பைலரால்) கம்பைல் செய்து, கணினியிலிருந்து கைபேசியைக் கையாளும் ஏடிபி கருவி வழியாக எஸ்டி கார்டு அடைவுக்கு அனுப்பினேன். அனுமதி மறுக்கப்பட்டது. அந்தச் சேமிப்பிடத்திலிருந்து எந்த நிரலையும் இயக்க முடியாதபடி ஆண்ட்ராய்டே தடுத்திருப்பதால், அங்கே இயக்க அனுமதி தரும் சிஎச்மோட் கட்டளையால் பயனில்லை. டேட்டா, லோக்கல், டெம்ப் என்று இறங்கும் அடைவுக்கு மாற்றினேன்.

அங்கே வந்த பிழைதான் ஒரு மாலை முழுவதையும் விழுங்கியது: 'அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை.' அடைவில் உள்ளவற்றைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை கோப்பைக் காட்டுகிறது, ஷெல்லோ இல்லை என்கிறது! நிரல் கோப்பின் உள்விவரங்களைக் காட்டும் ரீட்எல்ஃப் கொண்டு பார்த்த பிறகுதான், காணாமல் போனது என் நிரல் அல்ல, அதை நினைவகத்தில் ஏற்ற வேண்டிய லோடர் என்பது விளங்கியது. லினக்ஸ் கணினியின் சி நூலகமான ஜிலிப்சியின் லோடர் இருக்கும் பாதை என் நிரலுக்குள் பதிந்திருந்தது. ஆண்ட்ராய்டிலோ சி நூலகம் பயோனிக், லோடர் லிங்கர்64. உண்மையில் இல்லாத கோப்பின் பெயரைச் சொல்லாத இந்தப் பிழைச் செய்தியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஜிலிப்சி நூலகத்தையும் நிரலுக்குள்ளேயே அடக்கி ஸ்டாட்டிக்காகக் கம்பைல் செய்தபோது நிரல் ஓடியது. ஆனால் பெயர்களை முகவரியாக்கும் டிஎன்எஸ் சர்வர்களைக் குறிப்பிடும், ஜிலிப்சி தேடும் ரிசால்வ் கான்ஃப் கோப்பு ஆண்ட்ராய்டில் இல்லாததால், சர்வரின் பெயரை ஐபி முகவரியாக மாற்ற அதனால் முடியவில்லை. கடைசியில், முதலிலேயே செய்திருக்க வேண்டியபடி, ஆண்ட்ராய்டுக்கான சி நிரல்களை உருவாக்கும் கருவித்தொகுப்பான என்டிகேயை இறக்கி, அதன் கிளாங் கம்பைலரை ஏபிஐ 21-ஐ (ஆண்ட்ராய்டு 5.0-இன் ஏபிஐ எண்ணை) இலக்காக வைத்து அழைத்தேன். கம்பைல் செய்யும் முறையை எழுதி வைத்த பழைய மேக்ஃபைலில், பிஐஇ (நினைவகத்தின் எந்த இடத்திலும் ஏற்றத்தக்க நிரல் வடிவம்) வேண்டாம் என்றொரு கொடி, அதாவது கம்பைலர் விருப்பத்தேர்வு, ஒளிந்திருந்தது. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல், லோடரால் ஏற்றப்படும் நிரல்களில் பிஐஇ அல்லாதவை ஏற்கப்படுவதில்லை என்பதை, இம்முறை பிழைச் செய்தியே தெளிவாகச் சொல்லிவிட்டது. கொடியை நீக்கியதும் நிரல் ஓடியது, சர்வரையும் கண்டுகொண்டது.

இவ்வளவும் ஏடிபி ஷெல்லுக்கு மட்டுமே பொருந்தும். ஏபிஐ 29-ஐயோ அதற்கு மேற்பட்டதையோ இலக்காகக் கொண்ட செயலி, ஆண்ட்ராய்டு 10 முதல், தான் எழுதக்கூடிய அடைவிலிருந்து நிரலை இயக்க முடியாது என்பதால், அதை நூலகக் கோப்பைப் போலப் பெயரிட்டுச் செயலியோடு சேர்த்தே நிறுவ வேண்டும். எனக்கு அந்தத் தேவை வராததால், என் நிரல் இன்னும் டெம்ப் அடைவிலேயே கிடக்கிறது.