நாலு வருஷம் சேர்த்த மைல்ஸும் ஒரு சென்னை டிக்கெட்டும்

அப்பா ரிட்டயர் ஆன அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், அவரையும் அம்மாவையும் ஒரு தடவையாவது தஞ்சாவூர் கூட்டிட்டு போயிடணும்னு, தாத்தா அங்க இருந்துதான் மலேசியாவுக்கு கப்பலேறி வந்தாரு, அப்பா இன்னும் கண்ணால பாத்ததில்ல. டிக்கெட்ட மைல்ஸ்ல, அதாவது கார்டு தேய்ச்சா சேருற ஏர்லைன் பாயிண்ட்ஸ்ல, எடுத்துடலாம்னு எல்லாத்தையும் கிரெடிட் கார்டுல தேய்ச்சேன், பெட்ரோல், கார் இன்சூரன்ஸ், பிரிக்ஃபீல்ட்ஸ்ல வாங்குற மளிகை சாமான் வரைக்கும். 2 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு மைல். நாலு வருஷத்துல 58,000 சேர்ந்துச்சு.

சேர்க்க ஆரம்பிச்சப்போ கோலாலம்பூர்ல இருந்து சென்னை போயிட்டு வர ஒரு ஆளுக்கு 19,000 மைல், வரி 240 வெள்ளி தனியா கட்டணும். அதே டிக்கெட்ட காசு குடுத்து வாங்குனா 1,000 வெள்ளி. அப்படின்னா 19,000 மைல் எனக்கு 760 வெள்ளிய மிச்சம் பண்ணுது, ஒரு மைலுக்கு 4 காசு. மூணு பேருக்கு 57,000, கணக்கு கச்சிதமா இருந்துச்சு.

போன தீபாவளிக்கு முன்னாடி புக் பண்ணலாம்னு ஏர்லைனோட ஆப்ப திறந்தா ஒரு ஆளுக்கு 34,000 கேக்குது!! டிக்கெட் விலை 50 வெள்ளிதான் ஏறியிருக்கு, வரியும் 290 ஆயிருச்சு, ஆக மிச்சமாகுறது அதே 760 வெள்ளிதான், ஆனா என்னோட மைல் 4 காசுல இருந்து 2 காசு சொச்சத்துக்கு இறங்கிருச்சு. மூணு பேர விடுங்க, அப்பா அம்மா ரெண்டு பேருக்கே பத்தல. ஒரு ஈமெயில் கூட வரல. ஃபோன் பண்ணி கேட்டா விதிமுறையில இருக்கு, எப்ப வேணா மாத்தலாம்னு சொன்னாங்க. எனக்கு ரொம்ப மனசு ஒடஞ்சு போச்சு, பேங்க்ல போட்ட பணத்துல பாதிய யாராவது ராத்திரியோட ராத்திரியா எடுத்தா நாம விட்டுடுவோமா?

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். 1981ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்த மாதிரி திட்டத்த ஆரம்பிச்சப்போ மைல்ங்கறது நெசமாவே பறந்த தூரம். இப்போ ஏர்லைன்கள் மைல்ஸ பேங்குகளுக்கு மொத்தமா விக்குது, பேங்க் அத கார்டு தேய்க்குற நமக்கு குடுக்குது. ஃபிளைட்டுல சீட்டு அதே அளவுதான், மைல்ஸ் மட்டும் பெருகிக்கிட்டே போகுது, அப்புறம் அதுக்கு எப்படி மதிப்பு இருக்கும் சொல்லுங்க, பணத்த அச்சடிச்சு தள்ளுனா என்ன ஆகுமோ அதேதான். இது எவ்ளோ பெரிய வியாபாரம்னா, 2020 கொரோனா நேரத்துல அமெரிக்காவோட டெல்டா ஏர்லைன்ஸ் தன்னோட ஸ்கைமைல்ஸ்ங்கற மைல்ஸ் திட்டத்த அடமானமா வெச்சு 900 கோடி டாலர் கடன் திரட்டுச்சு.

முன்னாடியெல்லாம் இந்த ஊருக்கு இவ்ளோ மைல்னு ஒரு அட்டவணை இருக்கும், அத பாத்து சேர்க்கலாம். டெல்டா 2015ல அத எடுத்துருச்சு, யுனைடெட் ஏர்லைன்ஸ் 2019ல. அட்டவணை இல்லாத எடத்துல டிக்கெட் விலை ஏறுறப்போ மைல்ஸும் கூடவே ஏறும், அதனால தீபாவளி, ஸ்கூல் லீவு சமயத்துலதான் ரொம்ப அடி வாங்குவோம். சில திட்டத்துல காலாவதி வேற, சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸுக்கு 3 வருஷம்தான். கையில மைல்ஸ் வெச்சிருக்கவங்க தயவு செஞ்சு இன்னிக்கே ஒரு தடவ கணக்கு போட்டு பாருங்க, டிக்கெட் விலையில இருந்து வரிய கழிச்சு, கேக்குற மைலால வகுத்தா போதும். போற அளவுக்கு சேர்ந்துருச்சுன்னா போயிட்டு வந்துடுங்க, அடுத்த வருஷம் இன்னும் நெறைய சேரும்னு வெச்சிருக்காதீங்க, நான் அப்படித்தான் ஒரு வருஷம் தள்ளிப் போட்டேன்.

தீபாவளி வேணாம்னு விட்டுட்டு ஒவ்வொரு நாளா தேடுனதுல பொங்கல் முடிஞ்சு பிப்ரவரில ஒரு செவ்வாக்கெழம 26,000க்கு கெடச்சுச்சு. அப்பா அம்மாவுக்கு 52,000 போயிருச்சு, எனக்கு மட்டும் காசு குடுத்து எடுத்தேன். அப்பா தாத்தாவோட பழைய சிவப்பு ஐசிய, அதான் அடையாள அட்டைய, தேடி எடுத்து வெச்சிருக்காரு, அதுல பொறந்த ஊரு பேரு இருக்காம்.