நுரையீரலுக்குக் கிடைக்கும் அவகாசம்

இரத்தத்தை உடலுக்கு வெளியே ஒரு கருவிக்குள் செலுத்தி, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ சிகிச்சையில் இருக்கும் பச்சிளங்குழந்தையின் அருகில் செல்லும்போதெல்லாம் என் கண் முதலில் தேடுவது இரண்டு குழாய்களைத்தான். கழுத்துச் சிரையிலிருந்து வெளியேறும் குழாயில் இரத்தம் கருஞ்சிவப்பாக வரும். செயற்கை நுரையீரலைக் கடந்து திரும்பும் குழாயில் அதே இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக, தொட்டால் வெதுவெதுப்பாக ஓடும்.

இந்தக் கருவி எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. குழாய்களைப் பொருத்துவதற்கு முன்பே இதைப் பெற்றோரிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கருப்பையிலேயே வெளியேறிய மலத்தை மூச்சோடு உள்ளிழுத்ததால் நுரையீரல் அடைபட்ட குழந்தைக்கு, வென்டிலேட்டரின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலை மேலும் புண்படுத்தும். எக்மோ அந்த அழுத்தத்தைக் குறைக்க வழிசெய்து, நுரையீரல் தானாகத் தேறும்வரை சில நாட்களைப் பெற்றுத் தருகிறது.

1975இல் கலிஃபோர்னியாவில் அறுவை மருத்துவர் ராபர்ட் பார்ட்லெட் இச்சிகிச்சையால் காப்பாற்றிய பெண் குழந்தைக்கும் இதே பாதிப்புதான். செவிலியர் அவளுக்கு எஸ்பெரான்ஸா, அதாவது நம்பிக்கை, என்று பெயரிட்டார்கள். ஆனாலும் மருத்துவ உலகின் ஐயம் எளிதில் தீரவில்லை. 1996இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், எக்மோ பிரிவில் சேர்க்கப்பட்ட 93 குழந்தைகளில் 30 பேரும், வழக்கமான சிகிச்சைப் பிரிவின் 92 குழந்தைகளில் 54 பேரும் இறந்தனர். அந்த வேறுபாட்டை நான் எண்ணிக்கையாக மட்டும் படிக்க முடிந்ததில்லை.

இதற்கான விலை இரத்தத்தில்தான் இருக்கிறது. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்தமே ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் இரத்தம்தான் உண்டு. கருவியின் குழாய்களை நிரப்பவே ஏறக்குறைய அதே அளவு தேவைப்படக்கூடும் என்பதால், கொடையாளரின் இரத்தத்தால் அவற்றை முன்கூட்டியே நிரப்புகிறார்கள். குழாய்களில் இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் தர வேண்டும். அதே ஹெப்பாரின் மூளையில் கசிவை உண்டாக்கிவிடுமோ என்ற அச்சத்தில் உச்சிக்குழி வழியாக அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். செவிலியர் கையில் டார்ச் விளக்குடன் குழாய்களின் ஒவ்வொரு இணைப்பையும் உற்றுப் பார்த்து, கடுகளவு உறைகட்டி தென்படுகிறதா என்று தேடுவார். எத்தனை திரைகள் ஒளிர்ந்தாலும் அந்தக் கண்களுக்கு ஈடாக நான் எதையும் கருதுவதில்லை.

ஒருநாள் காலை எக்ஸ்ரேயில், வெண்மையாக மூடிக்கிடந்த நெஞ்சுக்குள் காற்றின் கருமை மெல்லப் பரவியிருக்கும். அன்றிலிருந்து கருவியின் ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, குழந்தை தன் நுரையீரலைக் கொண்டே சமாளிக்கிறதா என்று பார்க்கத் தொடங்குவார்கள்.