போஹெட் திமிங்கிலத்தின் மூக்கு

அலாஸ்காவின் வடகோடியில் உட்கியாக்விக் என்றோர் ஊர். வசந்தகாலத்தில் அங்குள்ள பழங்குடிகளான இனுபியாட் வேட்டைக்காரர்கள் கடல் பனிக்கட்டியின் விளிம்பில் முகாம் போட்டு போஹெட் திமிங்கிலத்துக்காகக் காத்திருப்பார்கள். புகை வாடை பட்டால் அது விலகிப் போய்விடும் என்பது அவர்கள் பேச்சு. திமிங்கிலத்துக்கு மோப்பமா என்று உயிரியல் படித்தவர்கள்தான் நெடுநாள் நம்பவில்லை.

2011-இல் ஹான்ஸ் தெவிசன், கிரெய்க் ஜார்ஜ் முதலானோரின் ஆய்வு வந்தது. போஹெட்டின் மூளையில் மோப்பத்துக்கான குமிழ் இருந்தது, மூளை எடையில் 0.13 சதவீதம். டால்பின் போன்ற பல்லுள்ள திமிங்கிலங்களுக்கு அது அடியோடு கிடையாது. வாசனை மூலக்கூறைப் பிடிக்கும் புரதமான வாசனை ஏற்பிக்குரிய மரபணுக்களிலும் போஹெட்டுக்கு 51 சதவீதம் பழுதில்லாமல் இருந்தன. பல்லுள்ளவற்றுக்குக் கால்பங்குகூடத் தேறவில்லை.

மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. அதனால் இந்தப் 'பழுது' எனக்கு வெறும் எண்ணிக்கை இல்லை. வாசனை ஏற்பிக்கான குறியீடு ஏறக்குறைய ஆயிரம் டிஎன்ஏ எழுத்து, பெரும்பாலும் ஒரே துண்டு. திமிங்கிலத்துக்கு நிலத்து உறவான மாட்டின் வரிசையை மேலேயும் டால்பினுடையதைக் கீழேயும் வைத்தால் இரண்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று கீழே ஓர் எழுத்து உதிர்ந்திருக்கும். மூன்று மூன்றாகப் படிக்க வேண்டியது அதோடு தடம் மாறி, கொஞ்ச தூரத்தில் டிஜிஏ என்ற நிறுத்தக் குறியில் போய் முட்டும். புரதம் அரைகுறையாக நின்றுவிடும். உதவாத மரபணுவை இயற்கைத் தேர்வும் கண்டுகொள்ளாது, பிழைமேல் பிழை சேரும். நிலத்தில் நடந்த மூதாதையின் மூக்கு இப்படித்தான் எழுத்தெழுத்தாகக் கரைந்திருக்கிறது.

பல்லுள்ளவை எதிரொலியை வைத்து இரை தேடுகின்றன. போஹெட்டுக்கு அந்த வசதி இல்லை. மூச்சு விட மேலே வரும்போது காற்றில் அதன் இரையான கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர்க் கூட்டத்தின் வாடை கிடைத்தால் அதற்கு லாபம்தான்.

2015-இல் தகுஷி கிஷிடா குழு இன்னொன்று சொன்னது. போஹெட்டைப் போல, பல்லுக்குப் பதில் இரையை வடிகட்டும் தகடுகள் கொண்ட பலீன் திமிங்கிலங்களின் மோப்பக் குமிழில் மேற்பகுதி இல்லை. எலிகளில் அந்தப் பகுதியை நீக்கினால் வேட்டை விலங்கின் வாடைக்கு இயல்பாக வரும் பயம் போய்விடுகிறது, ஆனால் பழக்கினால் ஒரு வாடையை வெறுக்கக் கற்றுக்கொள்கின்றன.

சரி, அப்படியானால் புகையைக் கண்டு போஹெட் ஏன் விலக வேண்டும்? அது பட்டுத் தெரிந்துகொண்டதாக இருக்கலாம் என்பது என் ஊகம். இருநூறு ஆண்டுகூட வாழக்கூடிய விலங்கு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈட்டிமுனை உடம்பில் தைத்தபடியே ஒரு போஹெட் கிடைத்திருக்கிறது. எஞ்சிய ஏற்பிகளை ஆய்வகச் செல்களில் உருவாக்கி, புகையிலுள்ள மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்க்கலாம். எது எதனோடு ஒட்டுகிறது என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.