முன்கட்டை வளையக் கூடாது

அக்டோபர் 5, 2024, சனி

மிச்சிகனில் ரைபிளோடு மான் வேட்டைக்குப் போக நவம்பர் 15 வரை பொறுக்க வேண்டும். அதற்குள் பிளாஸ்டிக் கட்டை போட்ட என் .308 ரைபிளை ஒழுங்குபடுத்திவிட நினைக்கிறேன். இன்று சுடுதளத்தில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டபோது 100 கஜத்தில் குண்டுகள் ஓரங்குலத்துக்குள் கூடி நின்றன. பைபாடை (முன்னால் தாங்கும் இரட்டைக் கால்) மாட்டி, தோளை முன்னால் கொடுத்துச் சுட்டதுமே இரண்டு அங்குலம் மேலேறிவிட்டன.

குழலும் அதைத் தாங்கும் கட்டையும் தொடுகின்றனவா என்று நடுவே ஒரு டாலர் நோட்டை விட்டுப் பார்த்தேன். துப்பாக்கி சும்மா கிடந்தால் நோட்டு தடையில்லாமல் ஓடுகிறது. பைபாடில் நிறுத்தி மேலிருந்து அழுத்தினால் முன்கட்டை நுனியில் சிக்கிக்கொள்கிறது. வெடிக்கும்போது குழல் அதிரும். அந்த அதிர்வு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டும் ஒரே இடத்தில் விழும். கட்டை ஒரு தடவை தொட்டு, மறு தடவை தொடாமல் இருந்தால் எப்படிக் கூடும்?

அக்டோபர் 6, ஞாயிறு

போல்ட்டை (குண்டறையை மூடும் தண்டு) உருவி, குண்டறை காலியா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அடியில் இருக்கும் இரண்டு திருகுகளையும் கழற்றிக் கட்டையைப் பிரித்தேன். முன்கட்டைக்கு உள்ளே பார்த்தால் மெல்லிய பக்கச் சுவர்கள், நடுநடுவே குறுக்குத் தடுப்புகள், மற்றபடி வெறும் பள்ளம். இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினால் கண்ணெதிரே திருகுகிறது.

பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ரெமிங்டன் கம்பெனி 1959-இல் நைலான் 66 என்ற .22 ரைபிளைக் கொண்டுவந்தது. கட்டை முழுக்க நைலான். அதே ஆண்டு ரெமிங்டன் ஊழியர் டாம் ஃப்ரை அந்த ரகத் துப்பாக்கிகளால், காற்றில் எறிந்த 1,00,010 மரக்கட்டைகளைச் சுட்டார். தவறியவை வெறும் 6. குறை பொருளில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. மேல்பக்கம் திறந்த பள்ளம் வளையவும் செய்யும், அதைவிடச் சுலபமாக முறுக்கிக்கொள்ளும்.

சாயங்காலம் கூட வேலை பார்க்கும் தம்பி போன் செய்தான். “அண்ணா, பேசாம முழுக்க எபாக்ஸிப் பசையை ஊத்தி நிரப்பிடுங்களேன்.” நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எபாக்ஸியின் விறைப்பு நைலானைவிடப் பெரிதாகக் கூடியதில்லை. அலுமினியம் அதைப்போல் சுமார் 20 மடங்கு. நடுவில் கிடக்கும் பசை வளைவைத் தடுக்க அதிகம் உதவாது, எடையைத்தான் கூட்டும். விறைப்பான பொருள் மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும், ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்குப் பலன். காருக்குள் வரும் பிளாஸ்டிக் பாகங்களை வரைவதுதான் என் பிழைப்பு. தினமும் பார்க்கிற கணக்கு இது.

அக்டோபர் 9, புதன்

விறைப்பான பொருளாகப் பழைய கார்பன் நார் அம்புகளை எடுத்துக்கொண்டேன். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, ஹாக்ஸா பிளேடால் மெதுவாக அறுத்தால் நார் பிரியாது. தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம். அடிமூலைகளில் இரண்டு, குழல் பள்ளத்துக்குச் சற்றுக் கீழே பக்கச் சுவரை ஒட்டி இரண்டு என்று நான்கு தண்டுகள். அவை நுழையக் குறுக்குத் தடுப்புகளில் ஓட்டை போட்டேன்.

உள்சுவரை 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்தேன். சுவரிலும் அங்கங்கே, வெளியே வந்துவிடாத அளவுக்குச் சின்னக் குழிகள். பசை அவற்றில் இறங்கிக் கெட்டியானால் பிடி தானாக வரும். என் கட்டை நைலான். பாலிப்ரொப்பிலீன் என்றால் பசை லேசில் ஒட்டாது, இந்தக் குழிகளைத்தான் நம்ப வேண்டும். கடைசியாக ஸ்பிரிட்டில் துடைத்தாயிற்று.

அக்டோபர் 12, சனி

இன்று ஊற்றினேன். தோள்வார் மாட்டும் திருகின் உள்நட்டைக் களிமண்ணால் மூடினேன், இல்லாவிட்டால் பிறகு கழற்றவே முடியாது. வெளிப்பக்கம் முழுக்க டேப். கட்டையை ரசமட்டம் வைத்து நிறுத்தினேன். பக்கங்களில் இடுக்கி போட்டு நெருக்கவில்லை. நெருக்கிய வாக்கில் பசை இறுகினால் குழலுக்கு இடம் போய்விடும்.

சரிக்குச் சரி கலந்த கெட்டி எபாக்ஸியைக் குச்சியால் முதலில் சுவரில் பூசி, அதன்மேல் அடித்தண்டுகளைப் பதித்தேன். தண்டை அழுத்தியபோது ஓரங்களில் குமிழ்கள் கிளம்பின. ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி விட்டேன். ஒரே மூச்சில் கனமாக ஊற்றினால் இறுகும்போது கிளம்பும் சூட்டில் கட்டையே கோணிக்கொள்ளும். அதனால் முதல் படலம் ஆறிய பிறகு, ராத்திரிதான் மேல்தண்டுகள். அவற்றின் இடைவெளியை மூடியதும் திறந்த பள்ளம் மூடிய பெட்டியாகிவிட்டது. முறுக்கலுக்கு மருந்து அதுதான்.

அக்டோபர் 13, ஞாயிறு

நன்றாக இறுகியிருக்கிறது. உருளைக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிப் பள்ளத்தைத் தேய்த்துவிட்டேன். எடை 120 கிராம் போலக் கூடியிருக்கிறது. முறுக்கிப் பார்த்தேன், அசையவில்லை.

அக்டோபர் 19, சனி

திருகுகளைக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கிவிட்டுச் சுடுதளத்துக்குப் போனேன். பைபாடில் சாய்ந்து அழுத்தினாலும் நோட்டு இப்போது நான்காக மடித்தே ஓடுகிறது. மணல் மூட்டையிலும் பைபாடிலும் குண்டுகள் ஒரே கூட்டமாக விழுந்தன. அப்புறம் வாரைக் கையில் இறுக்கிச் சுற்றிச் சுட்டேன், அப்போதும் இடம் மாறவில்லை. எனக்கு ரொம்பத் திருப்தி.

பின்கட்டை இன்னும் பொள்ளலாகத்தான் இருக்கிறது. கன்னம் வைத்தால் லேசாக ஒலிக்கிறது, குறியை அது பாதிப்பதில்லை. ஆக்‌ஷனுக்கு (குழலின் பின்னால் போல்ட் ஓடும் பகுதி) அடியில் எபாக்ஸி படுக்கை போடுவதை வேட்டைக் காலம் முடிந்ததும் டிசம்பரில் வைத்துக்கொள்கிறேன்.