வத்தல் வைத்த பன்னும் கமா டீச்சரும்

பழைய மாணவர் சங்க மலர்க் குழுவிலிருந்து எங்கள் இங்கிலீஷ் டீச்சர், கமா டீச்சரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அஞ்சலி மாதிரி இருக்கணுமாம், கொஞ்சம் உருக்கமாகவும் இருந்தால் நல்லதாம். உருக்கமாக எழுத இந்தச் சங்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை, போன மலரைப் புரட்டினாலே தெரியும், பாதிப் பேர் அழுதிருக்கிறார்கள். எனக்கு டீச்சர் என்றால் சாண்ட்விச்தான் ஞாபகம் வருகிறது. ஏன் என்று என்னோடு படித்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். சிரிக்கட்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் குழித்துறைக்கு ரயில் வந்த 1979-ல் நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. அந்தக் காலத்தில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால்தான் மெழுகுத்தாள் சுற்றின ரொட்டி வரும், சாயாவில் முக்கித் தின்பார்கள், மிச்சத் துண்டுக்கு நாங்கள் சண்டை போடுவோம். நமக்கு அன்றாடம் கிடைத்தது பன். களியக்காவிளை தாண்டி பாறசாலைப் பக்கத்து போர்மாவிலிருந்து (ரொட்டி சுடும் அடுப்படி) விடியற்காலையில் சைக்கிளில் வரும், பெட்டியைத் திறந்தால் தெருவே மணக்கும். கேரளத்துக்காரர்களுக்கு இந்த வேலை பழசு, தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு 1883-லேயே கிறிஸ்துமஸ் கேக் போட்டவர். எங்கள் அப்பன் தலைமுறை பிறந்தது திருவிதாங்கூரில், 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பன்னுக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

பள்ளிக்கூடத்துப் புளிய மரத்தடியில், எங்கள் புளியமூட்டில், மத்தியானம் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. கடற்கரைப் பிள்ளைகள் சாளைக் குழம்பை வற்றவிட்டுக் கட்டிக் கொண்டு வருவார்கள், முள்ளை எடுத்துவிட்டு மீனை மட்டும் பன்னுக்குள் வைத்தால், அடித்துச் சொல்கிறேன், இன்றைக்கும் அதற்கு ஈடு கிடையாது. மலைப்பக்கம் ஆறுகாணியிலிருந்து வரும் பிள்ளை சின்ன மருந்துக் குப்பியில் தேன் கொண்டு வருவாள். யாருடைய வீட்டிலாவது கல்யாணம் கழிந்திருந்தால் முந்திரிக்கொத்து வரும், அதை உடைத்துத் தூளாக்கி பன்னுக்குள் போட்டுத் தின்பது ஒரு கோஷ்டி. சம்மந்தித் துவையலும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் சேர்த்து வைப்பது இன்னொரு கோஷ்டி, அது தொண்டையை அடைக்கும், தண்ணீருக்கு கிணற்றடி வரை ஓடணும்.

என்னுடையது வத்தல். ஏத்தங்காய் வத்தல், தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸ். பன்னை விரலாலேயே பிளந்து (கத்திக்கு எங்கே போக), மட்டிப்பழம் ஒன்றை உரித்து உள்ளே வைத்துப் பெருவிரலால் ஓரம் வரை நசுக்குவேன். மட்டிக்குத் தோல் தாள் மாதிரி, பழம் கை பட்டாலே குழையும். அதன் மேல் வத்தலை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, மூடி, உள்ளங்கையால் ஒரே ஒரு அமுக்கு. உடையணும், ஆனால் நொறுங்கக் கூடாது. அந்தப் பழத்தின் புளிப்புக் கலந்த இனிப்பும் வத்தல் உப்பும் சேரும் இடம் இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தமிழ் போதாது. மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று படித்தபோது, புளியமூட்டுக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

இதில் கமா டீச்சர் எங்கே வந்தார் என்றால், இங்கிலீஷ் பாடத்தில் ஒரு துரைச்சானி வெள்ளரிக்காய் சாண்ட்விச் தின்பாள். டீச்சர் பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார். ரொட்டியின் நாலு ஓரத்தையும் வெட்டி எறிந்துவிடுவார்களாம். வெள்ளரிக்காயைத் தாள் தாளாகச் சீவி வைப்பார்களாம். கடித்தால் சத்தமே வராதாம், அதுதான் நாகரிகமாம். "அதுல ருசி எங்க டீச்சர் இருக்கு?" என்று பின் பெஞ்சிலிருந்து கேட்டவன் யார் என்று அவனுக்கே தெரியும், இப்போது டொராண்டோவில் இருக்கிறான்.

பெயர் வந்த கதையையும் அன்றைக்கே சொன்னார். சாண்ட்விச் என்பது இங்கிலாந்தில் ஒரு ஊர், அதன் பெயரைப் பட்டமாகக் கொண்ட பிரபு ஜான் மாண்டேகு, கடற்படை அமைச்சர், வேலை மேசையை விட்டு எழுந்திருக்க நேரமில்லாமல் ரொட்டிக்கு நடுவில் இறைச்சி வைத்துக் கொண்டு வரச் சொன்னார் என்று. இங்கே இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் ஊர் முழுக்கச் சொல்கிற கதை வேறு என்று தெரிந்தது. சீட்டாட்ட மேசையை விட்டு எழ மனமில்லாமல்தான் கேட்டாராம். பிள்ளைகளிடம் சூதாட்டத்தைச் சொல்ல வேண்டாம் என்று டீச்சரே மாற்றிவிட்டார் என்று நினைத்து ரொம்ப நாள் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்தால், அந்தப் பிரபுவின் வரலாற்றை எழுதிய ஆய்வாளர் ஒருவரே வேலை மேசையாகத்தான் இருக்கும் என்கிறார். 1762 நவம்பரில் கிப்பன் என்ற வரலாற்றாசிரியர் தன் நாட்குறிப்பில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறார், எழுத்தில் கிடைக்கும் முதல் சாட்சி அதுதான். டீச்சர் எப்போதும் போலச் சரிதான். அது ஒரு எரிச்சல்.

சரி, ஆண்டு விழாவுக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா சிறப்பு விருந்தினர். அவருக்கு வெள்ளரிக்காய் சாண்ட்விச் கொடுப்பது என்று டீச்சர் முடிவு செய்தார், செய்ய வேண்டியது ஒன்பதாம் வகுப்புப் பெண்கள், தையல் அறையில். டீச்சர் வாழ்நாளில் அதைத் தின்றதில்லை, புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் சொன்ன முறை அத்தனை கச்சிதம். சீவின வெள்ளரிக்காயில் உப்புத் தூவி வைத்து, விட்ட தண்ணீரைத் துணியில் ஒற்றி எடுக்கணும். வெண்ணெயை ரொட்டியின் ஓரம் வரை தடவணும், ஒரு இடத்தில் விட்டுப் போனாலும் ஈரம் இறங்கி ரொட்டி நைந்துவிடும். இதெல்லாம் அட்சரம் பிசகாத உண்மை. வெட்டி எடுத்த ஓரங்கள் ஒரு பேசின் நிறையக் கிடந்தன. காலையிலிருந்து ஒன்றும் தின்னாத பிள்ளைகள் நாங்கள். என் பையில் வத்தலும் மட்டியும் இருந்தன. இதற்குமேல் சொல்லணுமா?

நான் கடித்த சத்தமும் விருந்தினரோடு டீச்சர் வாசலில் வந்து நின்றதும் ஒரே நேரம். டீச்சர் அந்த அம்மாவிடம் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னார், ரொட்டிக்கு நடுவில் எதை வைத்தாலும் தின்னும் பிள்ளை இது என்று. எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் புரியும் என்று அவர் நினைக்கவில்லை. புரிய வைத்ததே அவர்தான்.

அதோடு விட்டாரா? திங்கட்கிழமை அசெம்பிளியில் மேடையேற்றி, வெள்ளரிக்காய் சாண்ட்விச் செய்வது எப்படி என்று இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். "ஃபர்ஸ்ட், டேக் டூ ஸ்லைசஸ் ஆஃப் பிரெட்." கமா வருகிற இடத்தில் நிறுத்தணும். நிறுத்தாவிட்டால் முதலிலிருந்து. அந்த வாரம் முழுக்க இது நடந்தது. ஃபர்ஸ்ட், தென், ஆஃப்டர் தட், ஃபைனலி. ஆண்பிள்ளைகள் வரிசையிலிருந்து ஒருவன் "வத்தல்!" என்று கத்தினான், பள்ளியே சிரித்தது, அன்றோடு எனக்கு அப்பன் வைத்த பெயர் போயிற்று. என் கல்யாண வாழ்த்து மடலில்கூட "அன்புத் தோழி வத்தலுக்கு" என்று அச்சடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள், இது குடும்பப் பெயரா என்று.

நர்சிங் படித்து, சவூதி போய், அப்புறம் இங்கே வர கொச்சியில் ஒரு ஹோட்டல் அறையில் நேர்முகம். எதிரே ரெண்டு வெள்ளைக்காரர்கள். புண்ணுக்குக் கட்டுப் போடும் முறையைச் சொல்லுங்கள் என்றார்கள். தினமும் செய்த வேலைதான், ஆனால் வாய் கட்டிப் போயிற்று. அப்புறம் எங்கிருந்தோ "ஃபர்ஸ்ட்" என்று வந்தது. நிறுத்தினேன். "தென்" வந்தது, "ஆஃப்டர் தட்" வந்தது. வெள்ளரிக்காய் இருந்த இடத்தில் பஞ்சும் மருந்தும் வைத்தேன், அவ்வளவுதான். வேலை கிடைத்தது. அந்த வாரத்துக்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டியதாகிவிட்டதே என்று எனக்கு இன்னும் கோபம்.

இங்கே நைட் டூட்டி இடைவேளையில் முதல் மாதம் பார்த்த ஒரு காட்சி. கூட வேலை பார்க்கும் வயதான நர்ஸ், இந்த ஊர்க்காரிதான், ரெண்டு துண்டு வெள்ளை ரொட்டியில் வெண்ணெய் தடவி, உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட் ஒன்றை அப்படியே மேலே கவிழ்த்தாள். மூடினாள். உள்ளங்கையால் ஒரு அமுக்கு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கறமுறவென்று தின்றாள், வார்டு வரைக்கும் கேட்டிருக்கும், யாரும் அவளை மேடையேற்றவில்லை. இந்த நாடே அப்படித்தான் தின்கிறது. பொரித்த உருளைக்கிழங்கை வைத்துத் தின்கிறார்கள். பொரித்த மீன் துண்டை வைத்துத் தின்கிறார்கள், அது நம்ம சாளை பன்னின் ஏழைத் தம்பி. சீஸோடு கறுப்பாக ஒரு இனிப்பு ஊறுகாய் வைப்பார்கள், பிரான்ஸ்டன் என்ற ஊரில் 1922-லிருந்து போட ஆரம்பித்தது, அது நன்றாகவே இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். 1953-ல் ராணி முடிசூட்டு விருந்துக்கு என்று கண்டுபிடித்த கோழி ஒன்று இருக்கிறது, கறிப்பொடியும் ஆப்ரிகாட் பழமும் மயோனைசும் போட்டுக் குளிரக் குளிரக் கலந்தது, இப்போது கடை கடையாக முக்கோணப் பெட்டியில் விற்கிறார்கள். அதில் மசாலா பச்சை வாடை அடிக்கும். அந்தப் பொடியை எண்ணெயில் நாலு கிளறு கிளறியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் இருக்கிறது, பெரிய ஹோட்டல்களில், சாயந்தரத் தேநீருக்கு, காசு ஜாஸ்தி. என் மகள் பிறந்தநாளுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் வீட்டில் கடலை வெண்ணெயோடு எலுமிச்சை ஊறுகாய் வைத்துத் தின்கிறவள், மகன் சீஸும் கடுமாங்காயும். எங்கிருந்து வந்த புத்தி என்று நான் கேட்பதில்லை.

டீச்சரைக் கடைசியாகப் பார்த்தது ஒரு வாவுபலி சமயத்தில் (ஆடி அமாவாசைதான்) ஊருக்குப் போயிருந்தபோது. வராந்தாவில் நாற்காலியில் இருந்தார், ரொம்பச் சுருங்கிப் போயிருந்தார். இங்கிலாந்திலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மலர்ந்து, "நீ அந்த ஆறுகாணிப் பிள்ளையில்லா? தேன் கொண்டு வருவியே" என்றார். எத்தனையோ வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு எல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. அசெம்பிளி, மேடை, எதுவும் அவர் ஞாபகத்தில் இல்லை.

"ஆமா டீச்சர்" என்றேன்.

"அங்க இப்பவும் வெள்ளரிக்காய்தானா? ஓரம் வெட்டித்தானே தின்பாங்க?"

"ஆமா டீச்சர். சத்தமே வராது."

ரொம்பத் திருப்தியாகத் தலையாட்டினார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார், சாயாவும் ஒரு தட்டு நிறைய ஏத்தங்காய் வத்தலும் வந்தன. அவருக்குப் பல் இல்லை. "நீ தின்னு மக்களே" என்றார். தின்றேன், என்னால் முடிந்த அளவு சத்தத்தோடு. ஒன்றும் சொல்லவில்லை. ஆறுகாணிப் பிள்ளை இதைப் படித்தால் மன்னிக்கவும், உனக்கான அன்பையும் நானே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடக்கத்துக்குப் போக முடியவில்லை. லீவு கேட்டால், உறவா என்று கேட்பார்கள், என்ன சொல்வது? பெற்ற அம்மைக்கே நான் போய்ச் சேர்ந்தது எல்லாம் முடிந்த பிறகுதான். இங்கே வந்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, வீடு ஆயிற்று, பிள்ளைகள் படித்தார்கள், ஊரில் தம்பிக்கும் ஒரு வழி ஆயிற்று. வத்தல் பெட்டியில் வரும். மட்டி வராது, விமானம் ஏறும் முன்னாலேயே காம்பு விட்டுவிடும், என் பிள்ளைகள் அதன் ருசி தெரியாமலேயே பெரியவர்களாகிவிட்டார்கள். போகாமலே இருந்திருந்தால் என்ன என்று டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது சில நாள் யோசிப்பேன். அதற்குள் ஸ்டாப் வந்துவிடும்.

அடுத்த ஒன்றுகூடலுக்கு யார் என்ன கொண்டு வருவது என்று இப்போதே வாட்ஸ்அப்பில் அடிதடி நடக்கிறது. டீச்சர் பெயரில் வெள்ளரிக்காய் சாண்ட்விச் நான் செய்து கொண்டு வருகிறேன், ஓரம் வெட்டி, வெண்ணெய் விளிம்பு வரை. வெட்டின ஓரங்களையும் தனியாகக் கொண்டு வருவேன். வத்தல் கொண்டு வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் தயவுசெய்து ஊரிலிருந்து வந்ததையே கொண்டு வரவும். இந்த ஊர்க் கடையில் தொங்கும் பாக்கெட் பாமாயிலில் பொரித்தது, அதைக் கொண்டு வந்தால் நானே மேடையேற்றிவிடுவேன்.