பிஜிக்கு விதித்த தடை யாருக்கு வலித்தது?
2006 டிசம்பர் 5 அன்று பிஜியின் ராணுவத் தளபதி பைனிமராமா, தேர்தலில் வென்ற பிரதமர் கராசேயின் அரசைக் கவிழ்த்தார். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பயணத் தடை விதித்தன. 2009இல் பசிபிக் தீவுகள் மன்றமும் காமன்வெல்த்தும் பிஜியை இடைநீக்கம் செய்தன. சரி, அதெல்லாம் நியாயம்தான்.

ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைத் துறைக்கான உதவியை நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. துப்பாக்கி பிடித்தவர் ஒருவர், அடி வாங்கியது கரும்பு விவசாயி. 1903 முதல் கூலிகளாகக் கப்பலேறிப் போன தமிழர்களின் வாரிசுகளும் அந்த வயல்களில்தான் இருக்கிறார்கள். அதே காலத்தில் பிஜி ராணுவ வீரர்களை ஐநா தன் அமைதிப்படையில் வைத்துக்கொண்டது, அவர்கள் சம்பளத்துக்கான பணமும் ஐநாவிடமிருந்து பிஜிக்குப் போய்க்கொண்டிருந்தது. ராணுவத்தைத் தொடக்கூடிய இடம் அதுதானே! தேர்தல் நடக்க 2014 செப்டம்பர் ஆகிவிட்டது.